கார்விஸ் ஊரின் பத்து டாலர்

மேடையில் முழங்குகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். முழக்கத்தை எழுதிக் கொடுத்தவளுக்கு என்ன கிடைக்கும்? ஒரு நாற்காலி கிடைக்கும். யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய அறிவுச்சுடர் என்ற சீர்திருத்த மன்றத்தில், முதல் வரிசையின் மூன்றாவது நாற்காலி இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தமிழரசிக்கு உரியது. அது மரியாதைக்காகத் தந்த இடமன்று. தேவைக்காகத் தந்த இடம். மன்றத்தின் செயலாளரும் அவளுடைய அண்ணனுமான சிவராஜ், பேச்சின் நடுவே அடுத்த வரியை மறந்துவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே மூன்றாவது நாற்காலியைப் பார்ப்பார். அங்கே இரண்டு உதடுகள் ஓசையின்றி அசையும். அந்த அசைவைப் பற்றிக்கொண்டு அவர் மீண்டும் முழங்குவார், அரங்கம் அதிரும். "ஊ சிவராஜ் பேசினா கல்லும் காது குடுக்கும்" என்று, பெயருக்கு முன் பர்மிய மரியாதைச் சொல்லையும் சேர்த்து, ஊர் சொல்லும். கல் காது கொடுத்தது யாருடைய சொல்லுக்கு என்று ஊர் கேட்டதில்லை. தமிழரசியும் சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை? கருத்து பரவினால் போதும், பெயர் எதற்கு என்று அவள் நம்பினாள். பெண்ணைப் படிக்க வைக்கச் சொல்லி அவள் எழுதினாள், அவர் பேசினார், நகரின் வடக்கே இன்சீனில் நான்கு வீடுகளில் பெண்பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். அந்த நான்கு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபோது தன் பெயர் துண்டறிக்கையில் இல்லையே என்ற எண்ணம் அவளுக்கு எழவில்லை. எழுந்தாலும் அதை வெட்கத்தோடு அடக்கிக்கொண்டாள்.

பிழைப்புக்கு அவள் பசுந்தாங் ஓடைக்கரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினாள். மூன்று மொழிகளில் திருமண அழைப்புகள், நாட்காட்டிகள், மருந்துச் சீட்டுகள். கழுத்தில் எப்போதும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும். மை எங்கே படிந்திருக்கிறது, எங்கே தேங்கியிருக்கிறது, எது அச்சு, எது கை என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்குக் கிடைத்த விருந்துதான் நோட்டுச் சேகரிப்பு.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு நாள் வானொலியில் ஓர் அறிவிப்பு வந்தது. அதுவரை பணமாக இருந்த நோட்டுகள் அதன் பிறகு பணம் அல்ல என்றது. அரிசி டப்பாவுக்குள் அம்மா ஒளித்து வைத்திருந்த கட்டு, அடுப்பெரிக்கும் காகிதமாயிற்று. தலைநகரத்தில் யாரோ ஒருவர் வாயசைத்தால் ஊரெல்லாம் ஏழையாகும் என்று அன்று கற்ற சிறுமி, வளர்ந்தபின் வேறொரு செய்தியை ஒரு பழைய சஞ்சிகையில் படித்து வியந்தாள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான சிற்றூர் வங்கிகள் தத்தம் ஊர்ப் பெயரிலேயே நோட்டு வெளியிட்டன. ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, புழுதி பறக்கும் ஒரு தெரு: அவ்வளவுதான் ஊர். அந்த ஊரின் பெயர் பணத்தின் நடுவே கம்பீரமாக நிற்கும்! தாள் மட்டும் வாஷிங்டனிலிருந்து அச்சாகி வரும். வங்கியின் தலைவரும் காசாளரும் பேனாவைத் தொட்டுக் கையெழுத்துப் போட்டு, கத்தரியால் வெட்டி எடுத்துப் புழக்கத்துக்கு விடுவார்கள். கையெழுத்து விழும்வரை அது தாள். விழுந்த பிறகே பணம்.

இந்தச் செய்தி அவளைப் பிடித்துக்கொண்டது. பாங்காக் போய்வருகிற தெரிந்தவர்கள் மூலம், பட்டுப் புடவை வாங்காமல், பல் கட்டாமல், ஒன்பது நோட்டுகள் சேர்த்தாள். எல்லாம் கிழிந்தும் கசங்கியும் எளிதாகக் கிடைத்தவை. பத்தாவது நோட்டு அவளைத் தேடி வந்தது. நான்கு மாதங்களுக்கு முன் பன்சோடான் தெருவின் நடைபாதைப் புத்தகக் கடையில், எப்போதோ ஒரு மிஷன் பள்ளிக்குச் சொந்தமாக இருந்த கணக்குப் புத்தகத்தை அவள் விரித்தாள். பின்னங்களுக்கும் வட்டிக் கணக்குக்கும் இடையில், இன்றைய டாலரைவிடப் பெரிதாக, பழுப்பேறி, நான்காக மடிந்த ஒரு தாள் கிடந்தது. நெப்ராஸ்கா மாநிலம், கார்விஸ் ஊரின் முதல் தேசிய வங்கி. பத்து டாலர். வலப்புறம் கீழே தலைவரின் பெயர் ஊதா முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தது. இடப்புறம் கீழே, காசாளரின் இடத்தில், பேனாவால் எழுதிய கையெழுத்து. மை வயதேறிப் பழுப்பாகியிருந்தது. தமிழரசி கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஈடித் ஹாலோவே.

பெண்!

வாக்குச் சாவடிப் பக்கம் பெண்ணை அண்டவிடாத காலத்தில், ஏதோ ஒரு சோள வயலின் நடுவே, ஒரு பெண் உட்கார்ந்து பேனாவைத் தொட்டிருக்கிறாள். அவள் தொட்டதால் ஒரு தாள் பணமாகியிருக்கிறது. நடைபாதையில் நின்றபடியே தமிழரசிக்குக் கண் கலங்கிற்று. கடைக்காரர், விலையைக் கேட்டுத்தான் அழுகிறாள் என்று எண்ணிப் பாதியாகக் குறைத்தார்.

இத்தகைய நோட்டுகளில் இன்னும் எவை எவை மிஞ்சியிருக்கின்றன என்று பட்டியல் வைக்கும் ஒரு முதியவர் அமெரிக்காவில் இருந்தார். தமிழரசி அவருக்கு மின்னஞ்சல் எழுதினாள். பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. "கார்விஸ் வங்கியில் ஒரு பெண் காசாளராக இருந்தது ஆவணங்களில் இருக்கிறது. ஆனால் அவர் கையெழுத்திட்ட நோட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றே இதுவரை நம்பி வந்தோம். உங்களுடையது உண்மையானால் உலகில் அது ஒன்றுதான். நீங்கள் அனுப்பிய கைபேசிப் படத்தில் பிளாஸ்டிக் உறை மின்னுவதால் கையெழுத்து தெரியவில்லை. உறையை நீக்கி, இரு பக்கமும் ஸ்கேன் செய்து, இத்துடன் உள்ள படிவத்தையும் நிரப்பி அனுப்புங்கள். பட்டியலில் ஈடித் ஹாலோவேயின் பெயருக்கு எதிரே, கண்டெடுத்தவர் என்று உங்கள் பெயர் வரும். உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்றும் சொல்லுங்கள்."

கடைசி வரியை அவள் நான்கு முறை படித்தாள். நாற்பத்தெட்டு வயதில், உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவளை ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை. அச்சகத்தின் ஸ்கேனர் உதிரிப் பாகம் கிடைக்காமல் மாதக்கணக்கில் பழுதாகிக் கிடந்தது. ஒருவழியாக, வரும் திங்கட்கிழமை சரியாகிவிடும் என்றார்கள். அந்தத் திங்கட்கிழமைக்காக அவள் காத்திருந்தாள்.

வியாழக்கிழமை மாலை சிவராஜ் வந்தார்.

"அரசி, அந்த அமெரிக்கா நோட்ட ஒரு மூணு நாள் குடு."

"எதுக்கண்ணே?"

"ஞாயித்துக்கெழம பினாங்குல இருந்து நாஜியா அம்மா வர்றாங்கல்ல. உலகத் தமிழர் மாநாட்டுக்கு ஆள் எடுக்குறதே அவங்கதான். 'பெண்ணின் பேனா' பேசப் போறேன். வெறும் வாயில சொல்றத கையில தூக்கிக் காட்டிச் சொன்னா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு!"

யோசித்துப் பார்த்தாள். அந்தப் பேச்சு அவள் எழுதியதுதான். ஈடித் ஹாலோவேயைக் கண்டெடுத்த வாரத்தில், உணவையும் உறக்கத்தையும் மறந்து எழுதியது. அந்தக் கையெழுத்தை நூறு பேர் பார்ப்பார்கள். அது நல்லதுதானே?

"உறையவிட்டு எடுக்கக் கூடாதுண்ணே. காட்டிட்டு அன்னிக்கே திருப்பித் தந்துடணும். திங்கக்கெழம ஸ்கேன் எடுக்கணும்."

"தர்றேம்மா."

"சத்தியமா?"

"சத்தியம், சாமி, இதெல்லாம் நம்ம கொள்கையில உண்டா? என் வார்த்த போதாதா உனக்கு?"

போதும் என்றுதான் நினைத்தாள். நோட்டை நீட்டி, "இங்க பாருங்கண்ணே, இந்த எடது மூலையில, கீழ..." என்று தொடங்கினாள். அவருடைய கைபேசி ஒலித்தது. "பாத்தேன், பாத்தேன்" என்றபடியே உறையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மன்றம் நிரம்பிவிட்டது. மின்சாரம் இல்லை, வாசலில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது. தமிழரசி தன் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அண்ணி ஜெயம்மா, கன்னத்தில் தனாகா மரப்பட்டைக் குழம்பு பூசி, புது லோஞ்சி உடுத்தி உட்கார்ந்திருந்தாள். கேட்காமலேயே வறுத்த கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

"சாப்புடு அரசி."

"இப்பதான் மொஹிங்கா சாப்பிட்டேன் அண்ணி."

"பரவால்ல, சாப்புடு. இன்னிக்கு என்ன நடந்தாலும் மனசுல வச்சுக்காத."

"என்ன நடக்கப் போவுது?"

ஜெயம்மா கடலையின் தோலை ஊதிக்கொண்டே மேடையைப் பார்த்தாள். 

பின்வரிசையிலிருந்து ஒருவர் குனிந்து வணக்கம் சொன்னார். முத்து முகம்மது. சந்தை ஓரத்தில் சின்னப் பெட்டிக்கடை வைத்திருப்பவர். பெட்டிக்கடையில் விற்பனை எதுவும் இல்லை. அவருடைய தொழில் டாலரைச் சுத்தம் செய்வது.

வெளியூர்க்காரருக்கு இது விந்தையாகத் தோன்றும். யாங்கோனில் டாலர் என்றால் அச்சகத்திலிருந்து அன்று காலை வந்தது போல இருக்க வேண்டும். மடிப்பு கூடாது, மூலை சுருளக் கூடாது, பேனா முனை பட்ட ஒரு புள்ளி கூடாது. இருந்தால், பணம் மாற்றுகிறவர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பித் தந்துவிடுவார். அல்லது விலையைக் குறைப்பார். அதனால் இங்கே டாலரைப் பணப்பையில் வைக்கமாட்டார்கள். தடித்த புத்தகத்துக்குள் படுக்க வைப்பார்கள். அப்படியும் கறை பட்டுவிட்டால் முத்து முகம்மதுவிடம் போவார்கள். எலுமிச்சை உப்பும் வெளுப்புத் தூளும் இஸ்திரிப் பெட்டியும் கொண்டு, கிழவனைக் குமரனாக்கித் தருவார்.

"அக்கா, இன்னிக்கு மேடையில என் கைவேலையும் ஏறுது, பாருங்க" என்றார் அவர் பெருமிதமாக.

என்ன கைவேலை என்று அவள் கேட்பதற்குள் சிவராஜ் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார்.

பேசினார். எப்படிப் பேசினார்! "பேனா பிடித்த ஆணை மேதை என்று கொண்டாடினாயே, பேனா பிடித்த பெண்ணை எங்கே வைத்தாய்? சமையலறையில் வைத்தாய்! தொட்டிலாட்டும் கைக்கு உரிமை உண்டு என்றாய், பெயரெழுதும் கைக்கு ஏன் இல்லை என்றாய்?" வார்த்தைக்கு வார்த்தை அவளுடையது. மூச்சு விடும் இடம்கூட அவள் குறித்துக் கொடுத்ததுதான். மேடையின் நடுவே உட்கார்ந்திருந்த நாஜியா அம்மாள், அறுபது வயதுக்காரர், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், தலையை மெல்ல ஆட்டி ஆட்டிக் கேட்டார். தமிழரசியின் நெஞ்சு நிறைந்தது. இன்னும் இரண்டு வரி. பிறகு ஈடித் வருவாள்.

"இதோ!" என்றார் சிவராஜ்.

மேசைக்கடியிலிருந்து வந்தது உறை அன்று. தங்க நிற விளிம்பிட்ட கண்ணாடிச் சட்டகம். சட்டகத்துக்குள் நோட்டு, வெளுத்த வேட்டியைப் போல, சுருக்கமின்றி, மடிப்பின்றிப் பளிச்சென்று இருந்தது. தமிழரசிக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. வேறு ஏதோ ஒரு நோட்டு என்று நினைத்தாள். பிறகு ஊரின் பெயரைப் படித்தாள்.

கையிலிருந்த கடலை தரையில் சிதறிற்று.

"பன்சோடான் தெருவில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அலைந்து, பழைய புத்தகக் குவியலுக்குள் நான் கண்டெடுத்த புதையல் இது! உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது! இதைப் பெண்ணினத்தின் பெருமையாக விளங்கும் நாஜியா அம்மையாருக்கு எங்கள் மன்றத்தின் அன்பளிப்பாக, என் அன்பளிப்பாக, வழங்குகிறேன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தமிழரசி ஜெயம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லாதன்னு சொன்னாரு. நான் என்ன செய்யட்டும்? மாநாட்டுக்குக் கூப்புடுவாங்கன்னு ஆசப்படுறாரு, பாவம். வீட்டுக்குள்ள இருக்குற சாமான்தானே அரசி?"

வீட்டுக்குள் இருக்கிற சாமான்! நோட்டைச் சொன்னாளா, நாத்தனாரைச் சொன்னாளா?

மேடையில் நாஜியா அம்மாள் சட்டகத்தை மடியில் வைத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தார்; சட்டகத்தைச் சாய்த்தார்; மீண்டும் பார்த்தார். ஒலிவாங்கி அவருக்கு அருகிலேயே இருந்ததால் அவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, ரொம்ப சந்தோஷம். அந்த அம்மா கையெழுத்து எங்க இருக்குன்னு காட்டுங்களேன். எனக்குத் தெரியலயே."

சிவராஜ் தயங்கவில்லை. விரலை நோட்டின் மேற்பகுதியில் வைத்தார். அங்கே அரசுக் கருவூல அதிகாரிகள் இருவரின் பெயர்கள் கையெழுத்துப் போலவே அச்சிடப்பட்டிருந்தன. எல்லா ஊர் நோட்டிலும் இருப்பவை.

"இதோ, இதுதாம்மா!"

"இது ஆம்பளப் பேரால்ல இருக்கு, ஐயா? ரெண்டுமே ஆம்பளப் பேரு."

எங்கோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவிற்று. சிவராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார்.

அந்தக் கணத்தில் தமிழரசிக்கு எல்லாம் விளங்கியது. அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. வியாழக்கிழமை பார்க்கவில்லை, வெள்ளியும் சனியும் கையில் வைத்திருந்தும் பார்க்கவில்லை. பெண்ணின் கையெழுத்து, பெண்ணின் கையெழுத்து என்று நூறு பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்தியவருக்கு அந்தக் கையெழுத்து எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாது! அவள் எழுதித் தந்த எந்தச் சொல்லையும் அவர் படித்ததே இல்லை; மனப்பாடம் செய்திருக்கிறார், அவ்வளவுதான். இருபத்திரண்டு ஆண்டுகள்! ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவள் நம்பிய கருத்து, ஊருக்குப் போகும் வழியில் சொந்த அண்ணனின் தலைக்குள்கூட ஒரு நாள் தங்கியதில்லை.

அவர் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

சிரிப்பு கூடியது. அப்போது பின்வரிசையில் முத்து முகம்மது எழுந்தார். சிரிப்பவர்களிடமிருந்து செயலாளரைக் காப்பாற்றுவதாக அவர் உண்மையாகவே எண்ணியிருக்க வேண்டும்.

"ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க? கையெழுத்தெல்லாம் இருந்துச்சு! நான்தான் எடுத்தேன்."

"எதை எடுத்தீங்க?" என்றார் நாஜியா அம்மாள்.

"இங்க் கறையத்தாங்கம்மா. இந்தப் பக்கம் கீழ, யாரோ பேனாவால கிறுக்கி வச்சிருந்தாங்க. அந்தப் பக்கம் ஊதாக் கலருல ஒரு முத்திர. ஊதா ஒடனே போயிருச்சு. பேனாக் கறதான் ரொம்பப் பிடிவாதம். ரெண்டு தடவ எலுமிச்ச உப்பு போட்டு, அப்புறம் வெளுப்பு போட்டேன். ஊ சிவராஜ் சொன்னாரு, வெளிநாட்டு அம்மாவுக்குக் குடுக்குறது, ஒரு புள்ளி இருக்கக் கூடாதுன்னு. பாருங்க, ஒரு புள்ளி இருக்கா? இஸ்திரி போட்டா மடிப்புகூடத் தெரியல!"

அரங்கம் இப்போது சிரிக்கவில்லை. ஜெனரேட்டர் மட்டும் இருமிற்று.

தமிழரசி எழுந்தாள். ஜெயம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையை விலக்கிவிட்டு நடந்தாள். அந்த மேடையில் அவள் முன்பும் ஏறியிருக்கிறாள்: மாலை எடுத்துக் கொடுக்க, தண்ணீர் வைக்க. ஒலிவாங்கியின் முன்னால் நின்றது அன்றுதான். மேடைப் பேச்சு எழுதத் தெரிந்தவளுக்கு முதலில் மூன்று வார்த்தைதான் வந்தது.

"இது என்னுடைய நோட்டு."

"அரசி," என்றார் சிவராஜ் தாழ்ந்த குரலில், சிரித்த முகம் மாறாமல், "வீட்டு விஷயத்த வீட்ல பேசிக்கலாம். எறங்கு."

"காட்டிட்டுத் தர்றேன்னு சொன்னீங்க. உறையவிட்டு எடுக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன். நான் கண்டெடுத்தத நீங்க கண்டெடுத்தேன்னு சொல்லிட்டீங்க. சரி. அதுகூடப் போகட்டும். அந்தப் பொண்ணோட பேரை எதுக்குண்ணே கழுவுனீங்க?"

"வேணும்னா செஞ்சேன்? கறைன்னு நெனச்சேன்!"

முன்வரிசையில் யாரோ ஒரு பெரியவர், "அதானே, அண்ணன் தங்கச்சிக்குள்ள இதெல்லாம் ஒரு பேச்சா" என்றார். இன்னொருவர், "ஒரு பழைய நோட்டுக்குப் போய் இப்படிச் சபையில..." என்றார். பெண்ணின் பேனாவுக்குக் கால் மணி நேரம் முன்பு எழுந்து நின்று கைதட்டிய அதே கைகள் இப்போது, இறங்கு இறங்கு என்று அவளுக்குச் சைகை காட்டின.

நாஜியா அம்மாள் எழுந்து, சட்டகத்தை இரண்டு கைகளாலும் அவளிடம் கொடுத்தார்.

"எனக்கு இது வேணாம்மா. ஒங்க பொருளு." பிறகு கொஞ்சம் நிதானித்துக் கேட்டார். "இந்தப் பேச்சு யாரு எழுதுனது?"

தமிழரசி சட்டகத்தை நெஞ்சோடு அணைத்தபடி அண்ணனைப் பார்த்தாள். சிவராஜ் மீண்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கேட்டவர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டார்.

பகல் மூன்று மணிக்கு, பசுந்தாங்கில் அச்சகத்துக்கு அருகிலிருந்த தன் வீட்டில், சன்னலோரம் வெளிச்சத்தில், அவள் சட்டகத்தைப் பிரித்தாள். உருப்பெருக்கியை இடது மூலையில் வைத்தாள். பேனா முனை காகிதத்தில் ஒரு பள்ளமாவது விட்டிருக்கும். மை போனாலும் அந்தப் பள்ளம் இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த நிழலாவது தெரியும் என்று ஒரு நப்பாசை. தாளைச் சாய்த்தாள், திருப்பினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முத்து முகம்மது தொழில் தெரிந்தவர். இஸ்திரிப் பெட்டி பள்ளத்தையும் நிரவிவிட்டிருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஈரத்திலிருந்தும் கறையானிலிருந்தும் போரிலிருந்தும் ஒரு கணக்குப் புத்தகம் காத்துக் கொடுத்த பெயரை, மூன்றே நாளில், ஒரு சீர்திருத்தவாதி துடைத்தெறிந்துவிட்டார். கையெழுத்து விழுந்ததால் பணமான தாள், இப்போது மீண்டும் தாள்.

அவள் அழவில்லை. மடிக்கணினியைத் திறந்தாள். அமெரிக்க முதியவர் அனுப்பிய படிவம் அங்கே பாதி நிரப்பியபடி இருந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. சிவராஜ் வந்து, கேட்காமலேயே உட்கார்ந்தார்.

"அந்தம்மா சாப்புடாமலே கெளம்பிட்டாங்க. மாநாட்டப் பத்தி ஒரு வார்த்த இல்ல. இருபது வருஷமா சேத்து வச்ச பேரு. ஒரே நிமிஷத்துல போயிருச்சு."

"ஆமா. ஈடித் பேரு போக எலுமிச்ச உப்பே ரெண்டு தடவ போட வேண்டியிருந்துச்சாம்."

"கிண்டல் பண்ணாத. நான் என்ன, வித்தா தின்னேன்? நல்ல எடத்துல இருக்கட்டும்னு குடுத்தேன். கேட்டா நீ தர மாட்ட, அதான் கேக்கல. அந்தப் பொம்பள யாரோ, செத்து எத்தன காலம் ஆச்சோ. அவ கையெழுத்து போனா உனக்கென்ன? இது எல்லாத்தையும்விட அண்ணன் மானம் சின்னதாப் போச்சா?"

தமிழரசி திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் கொண்ட முகம்தான். குற்றம் செய்த முகமாக அது இல்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. ஏமாற்றுகிறோம் என்று தெரிந்து ஏமாற்றியிருந்தால்கூட, ஒரு நாள் மனம் கூசுவார் என்று காத்திருக்கலாம். இவருக்கு எடுத்துக்கொண்டதே தெரியவில்லை. அவளுடைய சொல்லை எடுத்த போதும் தெரியவில்லை, நோட்டை எடுத்த போதும் தெரியவில்லை.

அவள் மீண்டும் படிவத்துக்குத் திரும்பினாள். ஒவ்வொரு கட்டமாக, மெய்ப்புத் திருத்துகிற அதே நிதானத்தோடு, நிரப்பினாள். அவர் எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுற?"

அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினாள். "காசாளர் கையெழுத்து: ஈடித் ஹாலோவே, பேனாவால். நான் கண்டெடுத்தபோது இருந்தது. இப்போது இல்லை. வேதிப்பொருளால் கழுவி, சூடு வைத்துத் தேய்க்கப்பட்டது. கழுவக் கொடுத்தவர்: என் அண்ணன் சிவராஜ், அறிவுச்சுடர் மன்றச் செயலாளர், யாங்கோன்."

"என் பேரு எதுக்கு அதுல?"

"உங்க பேரு வராத எடம்னு ஒண்ணு இதுவரைக்கும் விட்டு வச்சிருக்கீங்களா, அண்ணே?"

"அத எடுத்துடு, அரசி."

"எனக்கு எழுதத்தான் தெரியும். எடுக்கணும்னா முத்து முகம்மதுவத்தான் கூப்புடணும்."

சிவராஜின் முகம் வெளிறியது. கதவுவரை போனார். அங்கே நின்று, திரும்பாமலே, வேறு குரலில் கேட்டார். "அடுத்த ஞாயித்துக்கெழம இன்சீன்ல கூட்டம். பேச்சு எப்ப தருவ?"

"நீங்களே எழுதிக்கங்க."

"எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருந்தது. அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

படிவத்தின் கடைசிக் கட்டம் மீதமிருந்தது. கண்டெடுத்தவர். நான்கு மாதங்களாக மனத்துக்குள் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்த கட்டம். ஈடித் ஹாலோவேயின் பெயருக்கு எதிரே தன் பெயர் நிற்கும் என்று அவள் கனவு கண்டாள். இனிப் பட்டியலில் அவள் பெயர் நிற்கப் போவது ஒரு வெற்றிடத்துக்கு எதிரே. உலகில் ஒன்றே ஒன்று என்றிருந்ததை வைத்திருந்து காக்கத் தெரியாதவள் என்று அந்த ஊர்க்காரர்கள் படிப்பார்கள். படிக்கட்டும். அந்தப் பெயரைப் படித்தேன் என்று சொல்ல இன்னொரு ஆள் இல்லையே!

தமிழரசி என்று அடித்தாள். அதற்கு முன்னால் தகப்பன் பெயரையோ அதற்குப் பின்னால் அண்ணன் பெயரையோ சேர்க்கவில்லை. அனுப்பினாள். இணைப்பு மெதுவாக இருந்தது; வட்டம் சுற்றிச் சுற்றி, போய்ச் சேர்ந்துவிட்டது என்று காட்ட ஐந்து நிமிடம் ஆயிற்று.

பிறகு நோட்டைப் பழைய உறைக்குள் வைக்கப் பார்த்தாள். தேய்த்ததில் தாள் நீண்டுவிட்டிருந்தது. உறைக்குள் அது அடங்கவில்லை. ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.